அதே வாசனை வேண்டுமென்றால்

ஊதுபத்தி வாங்க வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: போன தடவை வாங்கியதே வேண்டும். மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் குங்குமத்தையும் மஞ்சளையும் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் கடைகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும். பெட்டியை எடுப்பார்கள், மூக்கருகே கொண்டுபோவார்கள், ஒரு மூச்சு இழுப்பார்கள். துளி மாறியிருந்தாலும் பெட்டி இருந்த இடத்துக்கே திரும்பிவிடும். என்ன மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மாறியிருப்பது மட்டும் அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் ஊதுபத்திப் பட்டறை நடத்துகிறேன். சிறிய பட்டறை. 1948-ல் ரங்கராவ் இங்கே தொடங்கிய சைக்கிள் பிராண்ட் போன்ற பெரிய நிறுவனங்களுக்குத் தரம் பார்க்க ஆட்களும் கருவிகளும் உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு இருப்பது ஒரு மூக்கும், சரக்கு அனுப்புகிற நாலைந்து மனிதர்களும். எங்கள் பத்தியின் வாசனை ஆண்டுக்கு ஆண்டு ஒன்றாக இருக்கிறதென்றால், அதில் பெரும்பங்கு அந்த மனிதர்கள் மாறாமல் இருப்பதால் வந்தது. மொத்த வியாபாரிகளோடு நல்ல உறவு வேண்டும் என்பதை எல்லாரும் ஒரு மரியாதைப் பேச்சாகச் சொல்வார்கள். எங்கள் தொழிலில் அந்த உறவும் ஒரு மூலப்பொருள்.

ஒரு பத்திக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே இது புரியும். மூங்கில் குச்சி வடகிழக்கிலிருந்து வருகிறது. கரித்தூள் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம். அந்தக் கரியைக் குச்சியோடு ஒட்டவைக்கும் ஜிகட் காட்டு மரத்தின் பட்டையை இடித்து எடுக்கிற பசைப்பொடி. சென்ட் மும்பையிலிருந்தும் கன்னோஜிலிருந்தும் வருகிறது. சென்ட்டைக் கரைக்கிற டி.இ.பி. எண்ணெய் பெட்ரோலியத்தின் வழிவந்த சரக்கு. கச்சா எண்ணெய் விலை ஏறினால் சில வாரத்தில் எங்கள் பில்லிலும் தெரியும். மசாலா பத்திக்கு மட்டிப்பால் பிசின் வேண்டும். பெட்டி சிவகாசியில் அச்சாகிறது. 'மைசூர் அகர்பத்தி' என்று புவிசார் குறியீடு வாங்கிய பண்டத்தில் மைசூரிலேயே கிடைப்பது எது என்று யோசித்தால் சந்தனம் ஒன்றுதான் மிஞ்சும். அதுவும் நெடுங்காலம் அரசாங்கத்தின் சொத்து.

சந்தனத்தைச் சொன்னதால் ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போருக்கு முன்பு மைசூர் சமஸ்தானத்துச் சந்தனக்கட்டை பெரும்பாலும் ஜெர்மனிக்குப் போய்த்தான் எண்ணெய் ஆனது. 1914-ல் போர் வந்தது, கப்பல் நின்றது, கட்டை கிடங்குகளில் குவிந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் எண்ணெயை இங்கேயே வடிக்க ஏற்பாடு செய்தார்கள். 1916-ல் பெங்களூரில் தொடங்கிய வேலை மைசூருக்கும் வந்தது. மானந்தவாடி ரோட்டில் அந்த ஆலை இன்றும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வரும். ஒரே வாசலை நம்பியிருந்த ஒரு சமஸ்தானமே திணறிப்போனது. பட்டறைக்காரன் எந்த மூலைக்கு?

அதனால் ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு இடம் வைத்திருப்பேன். ஆனால் இரண்டையும் ஒன்றோடு ஒன்று மோதவிடமாட்டேன். 'அவன் இவ்வளவுக்குத் தருகிறான், நீ என்ன சொல்கிறாய்' என்று போனில் கேட்பதைப் பலர் திறமை என்று நினைக்கிறார்கள். முதல் தடவை விலை குறையும். இரண்டாவது தடவை சரக்கு குறையும். கரித்தூளில் மண் சேரும், ஜிகட்டில் வேறு பட்டை சேரும், குச்சி ஈரத்தோடு வந்து எடை காட்டும். விலையைக் கசக்கிப் பிழிந்த பிறகு தரத்தைப் பற்றிப் பேச நமக்கு வாய் இருக்காது. முக்கால் பங்கு ஒருவரிடம், கால் பங்கு இன்னொருவரிடம் என்று பிரித்துக்கொண்டு, இருவருக்கும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் என் வழக்கம்.

குச்சியின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தொழில் தலைகீழாகப் புரண்டதே அதில்தான்.

நான் தொழிலுக்கு வந்தபோது குச்சி என்றால் திரிபுரா. அங்கே வீடுகளில் பெண்கள் கத்தியால் கீறி எடுத்த சதுரக் குச்சி. கையால் உருட்டுவதற்கு அதுதான் தோது. லாரியும் ரயிலும் மாறி மாறி இங்கே வந்து சேர நாள் பிடிக்கும்; மழைக்காலத்தில் மலைப்பாதை சரிந்தால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அகர்தலாவுக்கு அகலப்பாதை ரயில் வந்ததே 2016-ல்தான். எங்களுக்கு அனுப்பிய திரிபுராக்காரரை எல்லாரும் தாதா என்போம். அவருக்குத் தமிழும் கன்னடமும் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. இரண்டு பேரின் அரைகுறை இந்தியில்தான் மொத்த வியாபாரமும். ஆண்டுக்கு ஒரு தடவை பெங்களூர் வரும்போது மைசூருக்கும் வந்துபோவார்.

பிறகு மெஷின் வந்தது. மெஷினுக்கு உருண்டைக் குச்சி வேண்டும், ஒரே கனத்தில் வேண்டும். அது வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தது. 2011-ல் உருண்டைக் குச்சிக்கான இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 10 ஆக இறங்கியதும் விலை நம் நாட்டுக் குச்சிக்குக் கீழே போய்விட்டது. அடுத்து, குச்சி எதற்கு, உருட்டிய கருப்புப் பத்தியே வருகிறதே என்றார்கள். வாங்கி, சென்ட்டில் முக்கி, பெட்டியில் போட்டால் வேலை முடிந்தது. காதி கிராமத் தொழில் ஆணையத்தின் கணக்குப்படி, 2009-ல் 2 சதவீதமாக இருந்த கருப்புப் பத்தியின் இறக்குமதிப் பங்கு 2019-ல் 80 சதவீதத்தைத் தொட்டது. இந்த எண்ணை நான் பேப்பரில் படிப்பதற்கு முன்பே தெருவில் பார்த்துவிட்டேன். வீட்டு வாசலில் பலகை போட்டு உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களையும் நான் சப்ளையர் என்றுதான் எண்ணுவேன். ஆயிரம் பத்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள்தான். ஆனால் பத்தியின் அழுத்தமும் சீரும் அவர்கள் கையிலிருந்து வந்த சரக்கு. அந்தக் கைகளைப் பட்டறைகள் கைவிட்ட விதம் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

எல்லாரும் வியட்நாம் குச்சிக்கு மாறினார்கள், நானும் வாங்கினேன். மெஷின் வைத்துக்கொண்டு வாங்காமல் இருக்க முடியாது. ஆனால் தாதாவிடம் வாங்குவதை நிறுத்தவில்லை. கையால் உருட்டும் மசாலா பத்திக்கென்று கால் பங்கு அவரிடமிருந்தே வந்தது. என் மைத்துனர் கணக்கு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார், "மாமா, இதுல வருசத்துக்கு எவ்வளவு போகுது தெரியுமா?" தெரியும். அதைப் பட்டறை வாடகை மாதிரி ஒரு செலவாக எழுதிக்கொள் என்றேன். தாதாவுக்கு அது தர்மமாகக் கொடுத்ததும் இல்லை. அவருடைய குச்சியில் காரல் வாசனை இருக்காது. நன்றாகக் காய்ந்த குச்சி கடைசிவரை நின்று எரியும். அந்த ஒரு ரகத்துக்கு அதுதான் வேண்டும்.

2019 ஆகஸ்ட் 31-ஆம் தேதி ஊதுபத்தி இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. 2020 ஜூனில் மூங்கில் குச்சி மீதான இறக்குமதி வரி 10-லிருந்து 25 சதவீதமானது. நடுவில் கொரோனா. கருப்புப் பத்தியை மட்டும் நம்பியிருந்தவர்கள் கைவசம் குச்சியும் இல்லாமல், உருட்ட ஆளும் இல்லாமல் நின்றார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வடகிழக்குக்குப் போன் போட்டார்கள். அங்கேயும் பல ஆண்டுகளாக வாங்க ஆளில்லாமல் குச்சி கீறுகிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். தாதா அப்போது என்னிடம் சொன்னது சுருக்கம்: இருப்பதில் உங்கள் பங்கு முதலில், மீதி மற்றவர்களுக்கு. விலையை ஏற்றினார். ஏற்றத்தான் வேண்டும்; அவருக்கும் கூலி ஏறியிருந்தது. நானும் பேரம் பேசவில்லை. அந்த வருடம் நவராத்திரிக்கு என் மசாலா பத்தி கடைகளில் இருந்தது.

மூங்கில் பூத்தால் காடே காய்ந்துவிடும் என்பதையும் அவர் வழியாகத்தான் அறிந்தேன். வடகிழக்கின் முளி மூங்கில் ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூத்துப் பட்டுப்போகும். 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்படி நடந்தது. பூப்பு தொடங்கும்போதே சொல்லி, கூடுதல் சரக்கு எடுத்து வைக்கச் சொன்னார். விலைப் பட்டியல் யாரிடமும் கிடைக்கும். இந்த மாதிரிச் சேதி நெடுநாள் பழகியவர்களிடமிருந்துதான் வரும்.

சரக்கைச் சோதித்துப் பார்ப்பது உறவுக்கு விரோதம் என்று சிலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. ஒவ்வொரு மூட்டையையும் பார்ப்பேன், பார்க்கிறேன் என்று அனுப்புகிறவருக்கும் தெரியும். கரித்தூளை ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டால் மண் அடியில் தங்கும். மெல்லிய துணியில் சலித்தால் நெருநெருப்பு தெரியும். தணலில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்ப்பேன். படபடவென்று பொரிந்தால் சரியாக வேகாத கட்டை கலந்திருக்கிறது. ஜிகட்டைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் நூல் வர வேண்டும். நூல் எவ்வளவு நீளம் வருகிறதோ அவ்வளவு பசை. குச்சியை வளைத்துப் பார்ப்பேன், ஒரு கிலோவில் எத்தனை நிற்கிறது என்று எண்ணுவேன். 8 அங்குலத்தில் 1.3 மில்லிமீட்டர் என்று சொல்லி 1.5 அனுப்பினால் எண்ணிக்கையில் காட்டிக்கொடுத்துவிடும்.

குறை கண்டால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். பணம் கொடுக்கிற நாள்வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, அன்று மூட்டை சரியில்லை என்று கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசமான பழக்கம் எனக்குத் தெரியாது. ஒரு மழை வருடத்தில் கரித்தூள் லோடு மண்ணோடு வந்தது. மூட்டையைப் பிரித்த ஒரு மணி நேரத்துக்குள் கரிக்கார அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, எட்டு மூட்டை பார்த்தாச்சு, மூணுல மண்ணு இருக்கு. தனியா வச்சிருக்கேன். மத்தது நல்லா இருக்கு, அதுக்குப் பணம் நாளைக்கே வரும்." எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மூணையும் அங்கேயே கொட்டிருங்க தம்பி, அடுத்த லோடுல சரிபண்ணிர்றேன்" என்றார். சரிபண்ணினார். கெட்டதைச் சொல்லும்போதே நல்லதற்குப் பணத்தையும் சொன்னதால்தான் அந்தப் பேச்சு கசக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கரிக்காரருடைய ஊருக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்பேன், இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களிடம். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கம் வெட்டவெளியில் மூட்டம் போட்டிருப்பார்கள். கருவேலங்கட்டையை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, நெருப்பு வைத்து, காற்றுப் புகாமல் பல நாள் புழுங்கவிட வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று நுழைந்தால் கட்டை முழுதும் சாம்பல். ராத்திரியும் ஆள் காவல் இருக்க வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். இதைக் கண்ணால் பார்த்தவன் கார்த்திகை மாதத்தில் போன் போட்டு, 'ஏன் இன்னும் லோடு வரவில்லை' என்று சத்தம் போடமாட்டான். எங்கள் பெரிய விற்பனை தசரா, தீபாவளி, அப்புறம் ஐயப்பன் சீசன். அவர்களுக்கு மழையும் அதே மாதங்கள். அதனால் ஆனி, ஆடியிலேயே கரியை வாங்கிக் கிடங்கில் போட்டுவிடுவேன். காய்ந்த கரி எங்களுக்கு, கையில் காசு அவர்களுக்கு.

சிவகாசிக்கும் இப்படி ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதிலிருந்து மார்கழிவரை அச்சகத்தில் காலண்டர், டைரி வேலைதான் ஓடும். அந்த நேரத்தில் ஊதுபத்திப் பெட்டியோடு போய் நின்றால் அச்சக அண்ணாச்சி என்ன செய்வார்? மறுக்கவும் மாட்டார், நேரத்துக்குக் கொடுக்கவும் முடியாது. அதனால் அவருக்கு வேலை குறைவாக இருக்கிற பங்குனி, சித்திரையில் என் பெட்டி ஆர்டரை வைப்பேன். மெஷின் சும்மா நிற்கிற நாளில் வந்த வேலை என்பதால் நிறம் நிதானமாகப் பார்த்து அடித்துத் தருவார். விலையைப் பற்றி நான் கேட்டதில்லை. அவராகவே குறைத்துப் போட்ட வருடங்கள் உண்டு.

பணத்துக்கு வருகிறேன். எனக்கு முன்பு இந்தத் தொழில் செய்த பெரியவர்கள் சொல்லிக்கொடுத்தது, சரக்கு வாங்கும்போது நாள் சொல், சொன்ன நாளில் கொடு. முடியாதென்றால் அந்த நாளுக்கு முன்பே சொல். நாள் தாண்டிய பிறகு சொல்கிற காரணம் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சாக்காகத்தான் கேட்கும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போனபோது, சந்தேப்பேட்டையில் எனக்கு ஜிகட்டும் மரத்தூளும் கொடுக்கிற ஷெட்டரின் கடைக்கு நேரில் போனேன். பாக்கி இவ்வளவு, இந்த மாதம் பாதிதான் முடியும், மீதி தை மாதம் என்று சொல்லி, பாதிக்குச் செக் கொடுத்தேன். அவர் கடையிலும் அன்று ஈ ஓட்டுகிற நிலைதான். சொன்னபடி தையில் கொடுத்தபோது, அடுத்த லோடுக்கு முன்பணம் வேண்டாம் என்றார்.

இப்போது சட்டமே இதற்குள் வந்துவிட்டது. பதிவு செய்த நுண், சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் போய்ச்சேர வேண்டும். கெடு தாண்டி ஆண்டு முடிவிலும் பாக்கி நின்றால், வருமான வரிக் கணக்கில் அதைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து இது அமலில் இருக்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது என்பதால், யார் உற்பத்தியாளர், யார் வியாபாரி என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஜி.எஸ்.டி.யிலும் அப்படித்தான். 2022 ஜனவரியிலிருந்து, சப்ளையர் தன் கணக்கில் ஏற்றாத பில்லுக்கு நமக்கு வரி வரவு கிடையாது. சென்ட்டுக்கு 18 சதவீதம் கட்டி, பத்தியை 5 சதவீதத்தில் விற்கிற எங்களுக்கு அந்த வரவு நின்றால் கழுத்தைப் பிடிக்கும். ரிட்டர்னைத் தவறாமல் போடுகிற ஆள் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடச் சொன்னாலும் அவரே மலிவு.

மைசூரில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுச் சரக்கு வாங்குகிறவனுக்குக் காவிரித் தகராறும் ஒரு கணக்கு. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்களைக் கொளுத்தியபோது, என் கரி லோடு சத்தியமங்கலத்தில் நின்றது. டிரைவர் போனில் கேட்டார், "ஏறட்டுமா சார்?" வேண்டாம் என்றேன். வண்டி நின்ற நாளுக்கான படியை நான் ஏற்றேன், வாடகை நஷ்டத்தைக் கரிக்கார அண்ணன் ஏற்றார். யார் எவ்வளவு என்று நாங்கள் பேசி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பக்கத்தில் ஷெட்டர் தினம் ஒருமுறை போன் போட்டு, கிடங்குப் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். அவர் கன்னடத்தில் கேட்பார், நான் கன்னடத்தில் பதில் சொல்வேன். நாங்கள் பேசியது கிடங்கைப் பற்றி மட்டும்தான், காவிரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வண்டி ஏற வேண்டிய திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இப்போது வேறொரு கட்டுப்பாடு. 2022 பிப்ரவரியிலிருந்து மாலை 6 முதல் காலை 6 வரை சரக்கு லாரி போகக்கூடாது. புலிகளும் மான்களும் அடிபடாமல் இருக்க அது வேண்டியதுதான். லோடு ஒரு நாள் தாமதமாக வரும் என்று சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.

ஆட்கள் மாறும்போது உறவு என்ன ஆகும் என்பதுதான் இப்போது என் கவலை. கரிக்கார அண்ணன் மூட்டம் பார்ப்பதை மகனிடம் விட்டுவிட்டார். தாதா இப்போது பயணம் செய்வதில்லை. ஷெட்டர் கடையில் கல்லாவில் உட்காருவது அவர் மருமகள். கணக்கில் மாமனாரைவிடக் கறார், ஆனால் சொன்ன சொல் மாறாதவர். என் பக்கத்தில் பட்டறையைப் பார்ப்பது என் மகள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் விலை கேட்டு, போட்டோ பார்த்து, உடனே பணம் அனுப்பத் தெரியும். அதில் எனக்குக் குறை இல்லை. நாலு நாள் வேலை நாலு நிமிடத்தில் முடிகிறது. நான் அவளிடம் கேட்டுக்கொண்டது, ஆர்டர் போடுவதற்கு முன்பு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தடவை நேரில் போய்வா என்பதுதான்.

போன மாசியில் கமுதிக்குப் போய்விட்டு வந்தாள். கரியை எப்படிச் சலிக்கிறார்கள் என்று பார்த்து, சல்லடைக் கண்ணை இன்னும் கொஞ்சம் சிறிதாக்க முடியுமா என்று அண்ணன் மகனிடம் கேட்டிருக்கிறாள். முடியும், கூலி கொஞ்சம் கூடும் என்றிருக்கிறார். அந்தக் கூலியில் பாதியைத் தருவதாக ஒப்புக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் என்னைக் கேட்கவில்லை. இந்த ஆனியில் வந்த முதல் லோடைத் துணியில் சலித்துப் பார்த்தேன், நெருநெருப்பு இல்லை. அடுத்து அவள் அகர்தலாவுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.